சராசரி வேகம் எட்டா, பூச்சியமா? ஒரே சொல்லுக்கு இரண்டு பாடநூல்களில் இரண்டு பொருள்

மலைக்கோட்டை எழுதியது:

மாலை வேளைகளில் இணையம் வழியாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் திருச்சி, கரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். இருவர் மட்டும் வவுனியாவிலிருந்து சேர்ந்திருக்கிறார்கள். சென்ற வாரச் சிறுதேர்வில் நான் கேட்ட ஒரு கேள்வி இது: "ஒரு மாணவி 400 மீட்டர் ஓடுபாதையை ஒருமுறை சுற்றி, 50 வினாடிகளில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறாள். அவளது சராசரி வேகம் என்ன?" கடந்த தொலைவாகிய 400ஐ 50ஆல் வகுத்து, வினாடிக்கு 8 மீட்டர் என்று எழுத வேண்டும் என்பது என் விடைக்குறிப்பு.

வவுனியாப் பிள்ளைகள் இருவருமே "பூச்சியம்" என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "தொடங்கிய இடத்திலேயே முடிந்ததால் இடப்பெயர்ச்சி பூச்சியம், ஆகவே சராசரி வேகமும் பூச்சியம்" என்று காரணத்தையும் தெளிவாக எழுதியிருந்தாள். கடந்த தொலைவை நேரத்தால் வகுத்து வரும் வேகத்தையும், இடப்பெயர்ச்சியை (தொடக்கத்திலிருந்து முடிவுக்குத் திசையோடு அளந்த நேர்கோட்டு நீளத்தை) நேரத்தால் வகுத்து வரும் திசைவேகத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டாள் என்று முடிவுகட்டி, இரண்டு மதிப்பெண்களையும் கழித்துவிட்டேன். மறுநாள் காலையில் அவள் தன் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "வேகம்" என்ற தலைப்பின் கீழே, இடப்பெயர்ச்சி மாறும் வீதமே வேகம் என்று அச்சிட்டிருந்தது. அந்தப் படத்துடன் அவள் ஒரு சொல்கூட எழுதி அனுப்பவில்லை என்பதுதான் எனக்கு மேலும் உறுத்தலாக இருந்தது.

மதிப்பெண்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் இத்தகைய சொற்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதும், இரு தரப்புப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துக்கொண்டு எப்படிக் கேள்வி அமைப்பது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பிள்ளை எழுதிய விடை எங்கள் பாடத்திட்டப்படி முழுப் புள்ளிக்கு உரியது. நீங்கள் வேகம் என்பதை நாங்கள் கதி என்போம். நீங்கள் திசைவேகம் என்பதை நாங்கள் வேகம் என்போம். கடந்த தூரம் மாறும் வீதம் கதி, இடப்பெயர்ச்சி மாறும் வீதம் வேகம் என்று பாடசாலையில் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். ஆகவே உங்கள் வினாவை வாசித்த அந்தப் பிள்ளைக்கு அது நீங்கள் திசைவேகம் என்பதைப் பற்றிய வினாவாகத்தான் தெரிந்திருக்கும்; அவள் எதையும் குழப்பிக்கொள்ளவில்லை.

நீங்கள் முடுக்கம் என்பது, அதாவது உங்கள் திசைவேகம் மாறும் வீதம், எங்களுக்கு ஆர்முடுகல். இவ்வாறு சொல்லே வேறாக இருக்கும் இடங்களில் ஆபத்து இல்லை. தெரியாத சொல்லைக் கண்டதும் பிள்ளை நின்று கேட்டுவிடும். ஒரே சொல் இரண்டு கணியங்களுக்கு வழங்கும் இடங்களில்தான் கால் இடறும். வேகம் அவற்றில் ஒன்று. அதைவிடப் பொல்லாதது நிறை. தமிழ்நாட்டு நூல்களில் நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. அதனைக் கிலோகிராமில் தருவீர்கள். பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசையை எடை என்று நியூட்டனில் தருவீர்கள். எங்களிடம் முதலாவது திணிவு, இரண்டாவதுதான் நிறை. "பொருளின் நிறை 10 கிலோகிராம்" என்று உங்கள் மாணவர் எழுதினால் அது சரியான வாக்கியம். எங்கள் மாணவர் எழுதினால் அலகு பிழை என்று நாங்கள் புள்ளியைக் குறைப்போம்.

சக்தி, வலு என்ற சோடியையும் கவனியுங்கள். யூலில் (உங்கள் ஜூல்) அளப்பதை நாங்கள் சக்தி என்கிறோம். உங்கள் நூல் ஆற்றல் என்கிறது. வாற்றில் (உங்கள் வாட்) அளப்பதை நாங்கள் வலு என்கிறோம். உங்கள் நூல் திறன் என்கிறது. அந்தப் பெயர்களை அன்றாடப் பேச்சில் எல்லோரும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுவதால், பாடநூலில் மட்டும் அவை பிரிந்து நிற்கின்றன என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

சொல்வேட்டை எழுதியது:

இத்தனை சிக்கலும் கலைச்சொற்களைத் தமிழாக்கியதால் வந்தவை. ஸ்பீட், வெலாசிட்டி, மாஸ், வெயிட் என்று ஆங்கிலப் பெயர்களையே வைத்துக்கொண்டால் திருச்சிக்கும் வவுனியாவுக்கும் ஒரே பாடமாகிவிடும். மேற்படிப்பில் எப்படியும் அவற்றைத்தானே படிக்கப் போகிறார்கள்?

அளவுகோல் எழுதியது:

கோவையில் எடைக்கற்களையும் தராசுகளையும் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன் என்பதால், சொல்வேட்டை சொல்வதை ஏற்க இயலவில்லை. எடைக்கும் நிறைக்கும் உள்ள குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால், 1901ஆம் ஆண்டில் எடைகள், அளவைகள் பற்றிய மூன்றாவது பொதுமாநாடு அதைத் தீர்ப்பதற்கென்று ஓர் அறிவிப்பு வெளியிட்டிருக்க வேண்டிய தேவை இல்லை. கிலோகிராம் என்பது நிறையின் அலகு. எடை என்ற சொல் விசையின் இனத்தைச் சேர்ந்த ஓர் அளவைக் குறிக்கிறது. பொருளின் எடை அதன் நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்று அந்த மாநாடு சொல்லிற்று. புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.80665 என்ற செந்தர மதிப்பையும் அப்போதே உறுதிசெய்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் படித்தவர்களுக்குத்தான் அந்த விளக்கம் முதலில் தேவைப்பட்டது. ஆங்கில வழியில் படித்த பிள்ளையை "உன் வெயிட் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், 45 கிலோ என்றுதான் சொல்லும்.

பெயரைவிட அலகைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு என்பது என் எண்ணம். பள்ளி ஆய்வகங்களில் தொங்கும் சுருள்வில் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். பலவற்றில் முகப்பின் ஒரு பக்கம் கிராம், மறு பக்கம் நியூட்டன் என்று இரண்டு கோடிட்ட அளவுகள் இருக்கும். 500 கிராம் எடைக்கல்லை அதன் கொக்கியில் மாட்டினால், முள் ஒரு பக்கத்தில் 500ஐயும் மறு பக்கத்தில் 5க்குச் சற்றுக் குறைவாக 4.9ஐயும் காட்டும். நீளும் வில் உண்மையில் உணர்வது விசையை மட்டுமே. "இந்தக் கருவி பூமியில்தான் பயன்படும்" என்ற நம்பிக்கையில் செய்தவர் அதைக் கிராமாக மாற்றி எழுதி வைத்திருக்கிறார். அதே தராசையும் கல்லையும் நிலாவுக்குக் கொண்டுபோனால், ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்பதால், நியூட்டன் பக்கம் 0.8 என்று உண்மையைச் சொல்லும். கிராம் பக்கம் 80 சொச்சம் என்று பொய் சொல்லும். இரு தட்டுத் தராசோ, ஒரு தட்டில் பொருளையும் மறு தட்டில் கல்லையும் வைத்து ஒப்பிடுவதால், நிலாவிலும் 500 கிராம் என்றே காட்டும்.

நிலா வரைக்கும் போக வேண்டியதில்லை. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டருகே சுமார் 9.78, துருவத்தருகே சுமார் 9.83. நிலநடுக்கோட்டில் சரிசெய்த மின்னணுத் தராசைத் துருவத்துக்குக் கொண்டுபோய் ஒரு கிலோ சர்க்கரையை வைத்தால், 1005 கிராம் அளவில் காட்டும். சர்க்கரை கூடவில்லை, அதன் மீதான இழுப்பு கூடியிருக்கிறது. எனவேதான் நல்ல தராசுகளை அவை பயன்படும் ஊரிலேயே வைத்துச் சரிசெய்கிறோம்.

ஆகவே கேள்வியில் பெயர் எதுவாக இருந்தாலும், கிலோகிராம் என்று கண்டால் ஓர் அளவு, நியூட்டன் என்று கண்டால் வேறோர் அளவு. ஜூல், வாட் ஆகியவற்றுக்கும் இதே வழி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பனங்கூடல் எழுதியது:

தம்பி சொன்னதில் முக்கால் பங்கை ஏற்கிறேன். நிறை, திணிவு குழப்பத்தை அலகு தீர்த்துவிடும். சக்தி, வலு குழப்பத்தையும் தீர்த்துவிடும். ஆனால் இந்த விவாதத்தைத் தொடக்கிவைத்த வினாவை அலகு தீர்க்காது. கதிக்கும் செக்கனுக்கு மீற்றர்தான், வேகத்துக்கும் செக்கனுக்கு மீற்றர்தான். தூரத்துக்கும் இடப்பெயர்ச்சிக்கும் மீற்றர்தான். அலகை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எட்டா பூச்சியமா என்பதை அது சொல்லாது. விசையின் திருப்பத்தையும் செய்த வேலையையும் எடுத்துக்கொண்டால் இரண்டுமே நியூற்றனை மீற்றரால் பெருக்கி வருபவை. ஆனாலும் இரண்டும் வெவ்வேறு கணியங்கள்.

அலகு சரியில்லை என்றால் விடை நிச்சயம் பிழை. அலகு சரி என்பதால் விடை சரி என்று ஆகிவிடாது. கதியையும் வேகத்தையும் பிரிப்பது திசை ஒன்றுதான். எனவே அந்த இடத்தில் வரைவிலக்கணத்துக்குத்தான் போக வேண்டும்: மேலே வைத்து வகுத்தது நடந்த பாதையின் முழு நீளமா, அல்லது தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளிக்கு நேர்கோட்டில் இழுத்த அம்புக்குறியா?

எங்கள் கதி என்ற சொல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு "என்ன கதிக்கு ஆளானான்" என்ற பொருளில் மட்டுமே தெரியும் என்று ஒரு நண்பர் கேலி செய்வார். மிருதங்க வித்துவான்கள் கதிபேதம் செய்யும்போது அந்தச் சொல் ஓட்டத்தைத்தானே குறிக்கிறது என்று நான் பதில் சொல்வது வழக்கம்.

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் மதுரையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இதைப் படித்தபோது எனக்கு நெடுநாளாக உள்ள ஓர் ஐயம் நினைவுக்கு வந்தது. திசைவேகம் குறைந்துகொண்டே வந்தால் அது எதிர் முடுக்கம் என்று சின்ன வகுப்பில் படித்தோம். ஆனால் மேலே எறிந்த பந்து கீழே இறங்கும்போது வேகம் கூடுகிறது. கணக்கில் மட்டும் முடுக்கத்துக்குக் கழித்தல் குறி போடச் சொல்கிறார்கள். வேகம் கூடும்போது எப்படி அது எதிர் முடுக்கம் ஆகும்? உச்சியில் பந்து நிற்கும் கணத்தில் முடுக்கமும் சுழிதானே?

மலைக்கோட்டை எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. ஒரு பந்தை வினாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் நேர் மேலே எறிவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடலாம். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகவும் கீழ்நோக்கிய திசையை எதிர்க்குறியாகவும் எடுத்துக்கொண்டால், புவியீர்ப்பு ஒவ்வொரு வினாடியிலும் திசைவேகத்திலிருந்து 9.8ஐக் கழித்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் 19.6, ஒரு வினாடி கழித்து 9.8, இரண்டாவது வினாடியின் முடிவில் 0, மூன்றாவதில் −9.8, நான்காவதில் −19.6, அதாவது பந்து கையில் வந்து விழும் நேரம்.

இந்த ஐந்து எண்களையும் வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்துச் சேர்த்துப் பார். வளைவோ முறிவோ இல்லாத ஒரே நேர்கோடு வரும். அதன் சாய்வுதான் முடுக்கம். அது தொடக்கம் முதல் முடிவு வரை −9.8. கோடு கால அச்சை வெட்டும் இடமே பந்தின் உச்சி. அங்கே திசைவேகம் சுழி; கோட்டின் சாய்வு சுழி அன்று. உச்சியில் முடுக்கமும் சுழியாகிவிட்டால், திசைவேகத்தை மாற்ற எதுவும் இல்லாமல் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கழித்தல் குறி சொல்வது திசையை மட்டுமே: முடுக்கம் கீழ்நோக்கியது என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. வேகம் கூடுமா குறையுமா என்பது, முடுக்கமும் திசைவேகமும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா, எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றனவா என்பதைப் பொறுத்தது. ஏறும்போது அவை எதிரெதிர். ஆகவே வேகம் குறைகிறது. இறங்கும்போது இரண்டும் கீழ்நோக்கியவை, ஆகவே கூடுகிறது. எதிர் முடுக்கம் என்ற பெயர் எதிர்க்குறியையும் வேகக் குறைவையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால் வந்த வினை இது.

அந்தப் பந்தின் உச்சி உயரம் 19.6 மீட்டர். ஏறி இறங்கிய தொலைவு 39.2 மீட்டர், ஆன நேரம் 4 வினாடி. சராசரி வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர், சராசரி திசைவேகம் சுழி. ஓடுபாதைக் கணக்கேதான் செங்குத்தாக நிற்கிறது.

பனங்கூடல் எழுதியது:

இந்த ஓர் இடத்தில் எங்கள் சொல்லுக்காக நான் வாதாடலாம் என்று நினைக்கிறேன். கதி குறைவதை நாங்கள் அமர்முடுகல் என்று தனிச் சொல்லால் சொல்கிறோம். கணக்கில் வரும் எதிர்க்குறியை மறைப் பெறுமானம் என்று வேறாகச் சொல்கிறோம். பந்து ஏறும்போது அமர்முடுகுகிறது, இறங்கும்போது ஆர்முடுகுகிறது, புவியீர்ப்பு ஆர்முடுகலின் குறி இரு வேளையும் மாறுவதில்லை. மறுபுறம், திசைவேகம் என்ற உங்கள் சொல் தன்னுள்ளேயே திசையை வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இணையான வசதி எங்கள் வேகத்துக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அளவுகோல் எழுதியது:

ஐயா சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். அலகு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எழுதியது மிகை. எனினும் அலகைக் குறைத்து மதிப்பிடாமல் இருப்பதற்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை 1999 செப்டம்பரில் நாசா இழந்தது. கலத்தின் சிறு உந்திகள் தந்த தாக்கத்தை ஒரு மென்பொருள் பவுண்டு விசையில் கணக்கிட்டுத் தர, அதை வாங்கிக்கொண்ட வழிகாட்டல் குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். எண் சரி, பெயரும் சரி, அலகு மட்டும் வேறு. கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கித் தொலைந்துபோனது.

நிலாமுற்றம் எழுதியது:

மலைக்கோட்டை ஐயாவின் கணக்கையே பாதிச் சுற்றுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே சீராக ஓடினால் 25 வினாடியில் 200 மீட்டர். சராசரி வேகம் அதே 8. ஓடுபாதையை வட்டமாக எடுத்துக்கொண்டால் விட்டம் 400ஐப் பையால் வகுத்து 127.3 மீட்டர். அதுவே இடப்பெயர்ச்சி. ஆகவே சராசரி திசைவேகம் வினாடிக்கு 5.09 மீட்டர். சரிதானா?

அளவுகோல் எழுதியது:

வட்டப் பாதைக்கு முற்றிலும் சரி. ஆனால் 400 மீட்டர் ஓடுபாதை வட்டமன்று. செந்தர ஓடுபாதையில் 84.39 மீட்டர் நீளமுள்ள இரண்டு நேர்ப்பகுதிகளும், அவற்றை இணைக்கும் இரண்டு அரைவட்டங்களும் இருக்கும். உள்விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர், ஓடுபவர் விளிம்பை ஒட்டிக் கால் வைப்பதில்லை என்பதால், விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, 36.80 மீட்டர் ஆரத்தில்தான் நீளத்தை அளப்பார்கள். இரண்டு நேர்ப்பகுதிகள் 168.78, இரண்டு அரைவட்டங்கள் 231.22, கூட்டினால் 400.

இப்போது பாதிச் சுற்றின் இடப்பெயர்ச்சி எங்கே தொடங்கினோம் என்பதைப் பொறுத்து மாறும். நேர்ப்பகுதியின் நடுவில் தொடங்கினால், முடிவது எதிர் நேர்ப்பகுதியின் நடுவில், இடைவெளி 73.6 மீட்டர் மட்டுமே. வழக்கமான தொடக்கக் கோடு, நேர்ப்பகுதியும் வளைவும் சேரும் இடத்தில் இருக்கும். அங்கிருந்து மூலைவிட்டமாக ஏறத்தாழ 112 மீட்டர். மூன்றாவது நிலையை நீயே போட்டுப் பார்: வளைவின் நட்டநடுவில் தொடங்கினால் என்ன வரும்?

நிலாமுற்றம் எழுதியது:

84.39உடன் இரண்டு ஆரங்களைக் கூட்ட வேண்டும் அண்ணா; 157.99 மீட்டர். 25ஆல் வகுத்தால் வினாடிக்கு 6.32 மீட்டர். நேர்ப்பகுதியின் நடுவில் தொடங்கினால் 2.94, வழக்கமான கோட்டில் தொடங்கினால் 4.48. வேகம் மூன்றிலும் 8.

மலைக்கோட்டை எழுதியது:

அடுத்த வாரத் தேர்வுக்கு இதையே கேள்வியாக வைக்கப் போகிறேன். வேகம், கதி, திசைவேகம் என்ற பெயர்கள் எதையும் எழுதாமல் இப்படி அமைத்திருக்கிறேன்: "செந்தர ஓடுபாதையின் வழக்கமான தொடக்கக் கோட்டிலிருந்து ஒரு மாணவி பாதிச் சுற்றை 25 வினாடிகளில் ஓடுகிறாள். (அ) அவள் ஓடிய பாதையின் நீளத்தை நேரத்தால் வகுத்தால் என்ன கிடைக்கும்? (ஆ) தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் இடையிலான நேர்கோட்டு நீளத்தை நேரத்தால் வகுத்தால் என்ன கிடைக்கும்? (இ) இவ்விரண்டையும் உங்கள் பாடநூல் என்னென்ன பெயர்களால் அழைக்கிறது?" மூன்றாம் பிரிவுக்கு வவுனியாவிலிருந்து ஒரு விடையும் கரூரிலிருந்து ஒரு விடையும் வரும், இரண்டுக்கும் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் இன்றே எழுதி வைத்துவிட்டேன்.

பனங்கூடல் எழுதியது:

(ஆ) பிரிவில் திசையையும் கேளுங்கள் தம்பி. இல்லாவிட்டால் அந்த வவுனியாப் பிள்ளை இந்த முறையும் உங்களுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பும்.